நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் திருஇருதயப் பசிலிக்கா: பூசைக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், சவுத் பெண்ட் நகரை ஒட்டி இருக்கிறது நோட்டர் டேம் பல்கலைக்கழகம். பிள்ளைகளைப் பார்க்கவோ சிகாகோ உறவினர் வீட்டிலிருந்து ஒருநாள் பயணமாகவோ அங்கே போகிற நம் குடும்பங்கள் பெரும்பாலும் தங்கக் குவிமாடத்தின் முன்னால் படம் எடுத்துக்கொள்கின்றன. பக்கத்தில் பசிலிக்கா என்னும் பெருங்கோவிலுக்குள் பத்து நிமிடம் சுற்றிவிட்டு, பின்பக்கம் இறங்கி, மாதா குகையான கெபியில் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டுத் திரும்புகின்றன. அப்படிப் பார்த்தால் அழகான ஒரு பழைய கட்டடம் பார்த்ததாக மட்டுமே இருக்கும். இந்தக் கோவிலின் உண்மையான மதிப்பு அதன் செப நேரங்களில் இருக்கிறது. முதலில் எந்தத் திருப்பலிக்கு அல்லது எந்த மாலைச் செபத்துக்குப் போவது என்று முடிவு செய்யுங்கள். சுற்றிப் பார்ப்பதை அதற்கு முன்னும் பின்னும் வைத்துக்கொள்ளுங்கள்.

சிகாகோவிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். காரில் சுங்கச்சாலை வழியாக வந்து 77-ஆம் வெளிவழியில் இறங்கினால் வளாகம் சில நிமிட தூரம்தான். பலர் கோட்டைவிடுவது கடிகாரத்தில். சிகாகோ மத்திய நேரத்தில் இருக்கிறது, சவுத் பெண்ட் கிழக்கு நேரத்தில். சிகாகோவில் காலை 7 மணிக்குப் புறப்பட்டு இரண்டு மணி நேரம் ஓட்டினால், அங்கே போய்ச் சேரும்போது மணி 9 அல்ல, 10. வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வருவதற்குள் முதல் வாசகம் முடிந்திருக்கும். ஞாயிறு காலை 10 மணித் திருப்பலி வேண்டுமென்றால் சிகாகோ நேரப்படி 6 மணிக்கே கிளம்பிவிடுவது நல்லது. சவுத் ஷோர் மின்சார ரயில் சவுத் பெண்ட் விமான நிலையம் வரை வருகிறது. அங்கிருந்து வளாகம் டாக்சியில் கால் மணி நேரம். அந்த ரயிலின் அட்டவணை முழுவதும் மத்திய நேரத்திலேயே அச்சிடப்படுவதால், திரும்பும் ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்க் காத்திருப்பவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு. 10 மணித் திருப்பலிக்கு ரயிலை நம்ப வேண்டாம்.

வளாகத்தின் நடுப்பகுதிக்குள் பொதுமக்களின் வண்டிகள் போக முடியாது. நோட்டர் டேம் அவென்யூவில் இருக்கும் புத்தகக் கடை, பார்வையாளர் மையம் இருக்கும் பக்கத்தில் நிறுத்திவிட்டு வடக்கே நடந்தால் பத்து நிமிடத்தில் கோவில். நேர்பாதை, இருபுறமும் மரங்கள், எதிரே குவிமாடம். வழி தவறவே முடியாது. நடக்க முடியாத பெரியவர்கள் கூட வந்தால், நுழைவாயில் காவலரிடம் கோவிலுக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லி, அவர்களை எங்கே இறக்கிவிடலாம் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கல்வியாண்டு நடக்கும்போது பசிலிக்காவில் வழக்கமாக வார நாட்களில் காலை 11.30, மாலை 5.15 என்று இரண்டு திருப்பலிகள். சனிக்கிழமை மாலை 5 மணிக்கு ஞாயிறு முன்மாலைத் திருப்பலி. ஞாயிறு காலை 10, நண்பகல் 12. ஞாயிறு இரவு 7.15-க்கு, திருப்பாடல்களைப் பாடும் மாலைச் செபமான மாலைப் புகழ். கோடை விடுமுறை, கிறிஸ்துமஸ் விடுமுறை, இலையுதிர்கால இடைவேளை எல்லாவற்றிலும் இது மாறும், சில நேரங்களில் வார நாள் திருப்பலி ஒன்றாகக் குறையும். பயணத்துக்கு முந்தின வாரம் பசிலிக்காவின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்க்காமல் கிளம்பக் கூடாது.

இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? ஒரே ஒரு முறைதான் வர முடியும் என்றால் ஞாயிறு 10 மணி. வழிபாட்டுப் பாடகர் குழு பாடுவது அப்போதுதான். தூபம், பவனி, முழு ஆர்கன் இசை எல்லாம் இருக்கும். ஒன்றேகால் மணி நேரம் ஆகலாம். தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பாகும் திருப்பலி என்பதால் எல்லாம் நேரப்படி நடக்கும். தாமதமாக வந்து நடுப்பாதையில் நடந்து போவது சங்கடம். 12 மணித் திருப்பலியில் நாட்டுப்புறப் பாடகர் குழு. கிதார், குழல், எல்லாரும் சேர்ந்து பாடக்கூடிய மெட்டுகள். சிறு பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இதுவே பொருத்தம். அமைதி தேடுகிறவர்களுக்கு வார நாள் மாலை 5.15-ஐ மனமாரப் பரிந்துரைக்கலாம். அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், சுருக்கமான மறையுரை, வகுப்பு முடிந்து தோளில் பையோடு வந்து முழந்தாளிடும் மாணவர்கள். இது மாணவர்கள் தினமும் புழங்குகிற கோவில் என்பது அந்த நேரத்தில்தான் தெரியும்.

மாலைப் புகழைப் பலர் தவறவிடுகிறார்கள். இதுதான் இந்த வளாகத்தின் அரிய விருந்து. நம் ஊர்ப் பங்குகளில் குருமடத்துக்கும் துறவியர் இல்லங்களுக்கும் வெளியே, திருச்சபையின் நேரவாரிச் செபமான திருப்புகழ்மாலையைப் பாடிச் செபிப்பது அபூர்வம். இங்கே ஞாயிறுதோறும் திருப்பாடல்களை இரு பக்கமாக மாறிமாறிப் பாடி, மரியாவின் பாடலின்போது பீடத்துக்குத் தூபம் காட்டி, அரை மணிக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு முடிப்பார்கள். இசைத்தாள் கையில் தருவார்கள். ராகம் தெரியாவிட்டாலும் இரண்டாவது திருப்பாடலுக்குள் பிடிபட்டுவிடும்.

உள்ளே உட்காரும் இடம் பற்றி. கோவில் சிலுவை வடிவம், முகப்பு தெற்கே, பீடம் வடக்கே. ஆர்கன் முகப்புக்கு மேலே உள்ள மாடத்தில் இருக்கிறது. பால் ஃபிரிட்ஸ் செய்த இந்த ஆர்கனில் நான்கு விசைப்பலகைகள், 5,164 குழல்கள். 2017 ஜனவரியில் அர்ச்சிக்கப்பட்டது. மாடத்துக்கு நேர் கீழே, கடைசி வரிசைகளில் உட்கார்ந்தால் இசை தலைக்கு மேலே கடந்து போய்விடும். நடுமண்டபத்தின் மத்தியில், பாதைக்குப் பக்கமாக உட்கார்ந்தால் ஆர்கனும் பாடகர் குழுவும் சேர்ந்து கேட்கும், வாசகமும் தெளிவாக இருக்கும். பக்க மண்டபங்களில் தூண் மறைக்கும். முதல் சில வரிசைகள் சில நேரங்களில் ஒதுக்கப்பட்டிருக்கும். வாசலில் நிற்கும் தொண்டரிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். பாடகர் குழு பாடும் திருப்பலிக்கு 25 நிமிடம் முன்னதாக வந்தால் நல்ல இடம் கிடைக்கும். கிறிஸ்துமஸ், புனித வாரம், பட்டமளிப்பு வார இறுதி ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அன்றெல்லாம் ஒரு மணி நேரத்துக்கு முன்பே வரிசை நிற்கும்.

நம் ஊர் வழக்கத்திலிருந்து மாறுபடும் சில காரியங்கள் உண்டு. செருப்பைக் கழற்ற வேண்டாம். யாரும் கழற்ற மாட்டார்கள், குளிர்காலத்தில் அது முடியவும் முடியாது. தரையில் உட்காரும் வழக்கம் இல்லை. முழந்தாள் பலகை கீல் போட்டது, காலால் தள்ளினால் டமார் என்று விழும்; கையால் மெல்ல இறக்க வேண்டும், அதே பலகையில் பக்கத்தில் இருப்பவர்களின் கால் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு. நம்மில் பலர் தடுமாறுவது நற்கருணை மன்றாட்டில். இந்தியாவில், அப்பத்தையும் இரசத்தையும் அர்ச்சிக்கும் வசீகரத்துக்குப் பின் 'நம்பிக்கையின் மறைபொருள்' என்றதும் எழுந்து நிற்போம். அமெரிக்காவில் 'தூயவர்' பாடி முடித்ததும் முழந்தாளிட்டால், இறுதியில் வரும் பெரிய 'ஆமென்' வரை எழுவதில்லை. 'உலகின் பாவம் போக்கும் இறைவனின் செம்மறியே' முடிந்த பிறகும் மீண்டும் முழந்தாளிடுவார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நற்கருணை வாங்க வரிசையில் நின்றபடியே போக வேண்டும். நம் முறை வரும்போது தலை வணங்கி, 'ஆமென்' சொல்லி, கையிலோ நாவிலோ பெறலாம். கையில் வாங்கினால் அங்கேயே ஓர் ஓரமாக நின்று உட்கொண்ட பிறகுதான் நகர வேண்டும். கூட வந்திருக்கும் இந்துக் குடும்பங்களுக்கும் நண்பர்களுக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது அழைத்து வருகிறவரின் கடமை: அது பிரசாதம் போல எல்லாருக்கும் கொடுக்கப்படுவதல்ல, கத்தோலிக்கர் மட்டுமே பெறுவது. மற்றவர்கள் இருக்கையிலேயே இருக்கலாம், அல்லது வரிசையில் வந்து இரு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டால் ஆசீர் தருவார்கள். மற்றபடி திருப்பலி முழுவதும் யாரும் உட்கார்ந்து பங்கெடுக்கலாம். எந்த மதம் என்று வாசலில் யாரும் கேட்பதில்லை.

இனி கட்டடம். திருச்சிலுவை சபைக் குரு எட்வர்ட் சோரின் 1842-இல் இந்தப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். அந்தச் சபை பிறந்தது பிரான்சின் லெ மான்ஸ் நகரில். அதன் நிறுவனர் பசில் மொரோவுக்கு 2007-இல் அருளாளர் பட்டம் கொடுக்கப்பட்டது. இந்தக் கோவிலில் எதைப் பார்த்தாலும் அந்த ஊரின் கை தெரியும். வண்ணக் கண்ணாடிகள் லெ மான்ஸ் கார்மேல் மடத்துக் கன்னியர் தொடங்கிய பட்டறையிலிருந்து வந்தவை. மணிகள் அதே ஊர் பொலே குடும்பத்தின் வார்ப்பு. கோபுரத்தில் இருக்கும் 23 மணிகள் கொண்ட தொகுதி 1856-லிருந்து இங்கே இருக்கிறது, வட அமெரிக்காவின் மிகப் பழைய மணித்தொகுதி என்று கருதப்படுவது. பதுவை அந்தோணியார் பெயரிட்ட பெரிய மணி மட்டும் ஏறத்தாழ 7,000 கிலோ. சுவரின் செங்கல்லோ அயல் சரக்கில்லை. வளாகத்து ஏரிகளின் சுண்ணாம்புச் சேற்றில் சுட்ட மஞ்சள் செங்கல். இப்போதுள்ள கோவிலின் வேலை 1870-களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது, 1888 ஆகஸ்டு 15, விண்ணேற்புத் திருநாளன்று நேர்ந்தளிக்கப்பட்டது. இடையில் 1879 ஏப்ரலில் பக்கத்திலிருந்த முதன்மைக் கட்டடம் தீயில் எரிந்துபோனது, கோவில் தப்பியது.

பெரிய சன்னல்கள் 44. இவை இடைக்காலத்துப் பிரெஞ்சுக் கோவில்களில் இருக்கும் சின்னச் சின்ன நீலச் சிவப்புத் துண்டுகளின் கோலம் அல்ல. கண்ணாடியின் மேல் சாயம் தீட்டிச் சூளையில் சுட்டு ஏற்றிய ஓவியங்கள். முகம், விரல், ஆடையின் மடிப்பு எல்லாம் சித்திரம் போலத் தெளிவாக இருக்கும். தூரத்திலிருந்து நிறத்தை ரசிப்பதைவிட, கிட்டப்போய் ஒவ்வொரு புனிதரையும் அடையாளம் காண்பது இவற்றுக்கு ஏற்ற பார்வை. கோவில் தெற்கு வடக்காக நீள்வதால் கிழக்குச் சன்னல்கள் காலையிலும் மேற்குச் சன்னல்கள் பிற்பகலிலும் ஒளிரும். இரண்டும் வேண்டுமானால் 11.30 திருப்பலிக்கு முன்னால் கிழக்குப் பக்கமும், 5.15-க்கு முன்னால் மேற்குப் பக்கமும் பார்க்கலாம். டிசம்பரில் மாலை 5.15-க்குச் சூரியன் மறையும் நேரம் என்பதால் மேற்கு ஒளி கிடைக்காது. இருட்டிய பின் சன்னல்கள் வெறும் கருமையாகத்தான் தெரியும்.

சுவர், கூரை ஓவியங்களும் பதினான்கு சிலுவைப்பாதை நிலைகளும் லூயிஜி கிரெகோரியின் வேலை. வத்திக்கானில் ஓவியராக இருந்தவரைச் சோரின் 1874-இல் அழைத்து வந்தார். பதினேழு ஆண்டுகள் இங்கேயே இருந்தார். கூரையில் நீலப் பின்னணியில் பொன் நட்சத்திரங்கள், அவற்றுக்கிடையே வானதூதர். 1988 முதல் 1990 வரை நடந்த புதுப்பிப்பில்தான் பழைய நிறங்கள் திரும்பக் கிடைத்தன. இதே ஓவியர் முதன்மைக் கட்டடத்தில் தீட்டிய கொலம்பஸ் சுவரோவியங்களைத் தேடி அங்கே போகிறவர்கள் ஏமாறுவார்கள். பூர்வகுடி மக்களை அவை சித்தரிக்கும் விதம் நெடுநாளாகக் கேள்விக்குள்ளாகி, 2019-இல் அவற்றை மூடிவைக்கப் பல்கலைக்கழகம் முடிவெடுத்தது. நியாயமான முடிவு. கிரெகோரியின் திறமையை அறியக் கோவிலுக்குள் இருப்பதே போதும்.

அவசரத்தில் எல்லாரும் விட்டுவிடுவது பீடத்துக்குப் பின்னால் இருக்கும் பகுதி. முன்னால் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பக்கவாட்டு நடையில் வடக்கே தொடர்ந்து போனால் அரைவட்டமாகச் சிற்றாலயங்கள் வரும். திருப்பண்டச் சிற்றாலயத்தில் திருத்தூதர்கள், மறைசாட்சிகளின் திருப்பண்டங்கள் (எலும்பு, உடைமை போன்ற நினைவுப் பொருட்கள்) கண்ணாடிப் பேழைகளில் உள்ளன. புனித செவேராவின் மெழுகு உருவமும் இங்கேதான், பிள்ளைகள் பயந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைக்கோடியில் மாதா சிற்றாலயம், பொன் மினுக்கும் பரோக் பீடத்தோடு. இவான் மெஷ்ட்ரோவிச் செதுக்கிய, இறந்த இயேசுவை ஏந்திய மரியாவின் வியாகுலச் சிற்பமும் இந்தப் பின்பகுதியில் இருக்கிறது. குரோவேஷியச் சிற்பி, 1955-லிருந்து 1962-இல் இறக்கும்வரை இந்தப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர். கோவில் முழுக்கப் பொன்னும் நீலமும் பார்த்துவந்த கண்ணுக்கு அந்த வெறுங்கல்லின் கனம் சட்டென்று உறைக்கும். இங்கே கொஞ்ச நேரம் உட்காருங்கள். இந்தக் கோவிலில் உள்ள கலைப்பொருட்களில் செபத்துக்கு மிக அருகில் இருப்பது அதுதான்.

கிழக்கு வாசலை வெளியே வந்து பார்க்க வேண்டும். முதல் உலகப்போரில் இறந்த மாணவர்களின் நினைவாக 1924-இல் கட்டியது. மேலே 'இறைவன், நாடு, நோட்டர் டேம்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். இரு பக்கமும் புனித ஜோன் ஆஃப் ஆர்க்கும் அதிதூதர் மிக்கேலும்.

பார்வையிட வருகிறவர்களுக்குப் பெரிய இடைஞ்சல் சனிக்கிழமைத் திருமணங்கள். முன்னாள் மாணவர்களிடையே இந்தப் பசிலிக்காவில் கைப்பிடிப்பதற்கு அத்தனை ஆசை. திருமணம் நடக்கும்போது உள்ளே சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், ஒன்று முடிந்தால் அடுத்தது தொடங்கும். சனிக்கிழமை பகலில் வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவதைவிட, கெபிக்குப் போய்விட்டு மாலை 5 மணித் திருப்பலிக்கு வருவது நல்லது. திருப்பலி நேரத்தில் படம் எடுக்கக் கூடாது. மற்ற நேரத்திலும் ஃபிளாஷ் வேண்டாம். வழிகாட்டியோடு இலவசமாகச் சுற்றிக் காட்டும் ஏற்பாடு உண்டு. வாசலில் மேசை போட்டு யாராவது இருந்தால் அவர்களையே கேளுங்கள். அவர்கள் காட்டாமல் திருப்பண்டங்களில் பாதி நம் கண்ணுக்குப் படாது.

பசிலிக்காவின் அடியில் நிலவறைக் கோவில் ஒன்று இருக்கிறது. அது திருஇருதயப் பங்கின் கோவில், அதற்குத் தனி வாசல், தனிப் பூசை நேரங்கள். மேலே கூட்டம் தாங்காத நாட்களில் இதை நினைவில் வையுங்கள். தாழ்ந்த கூரை, இசைக்கு மேலே உள்ள பெருமை கிடையாது, ஆனால் கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்குப் பங்குக் கோவிலின் சகஜம் கிடைக்கும்.

இனி கெபி. பசிலிக்காவின் பின்னால் சரிவில் இறங்கினால், எதிரே புனித மரியா ஏரி, இந்தப் பக்கம் லூர்து கெபி. 1896-இல் கட்டியது, பிரான்சின் மூலக் கெபியில் ஏழில் ஒரு பங்கு அளவு. லூர்துக்குப் போய்வந்தவர்களுக்கு முதலில் இது சிறியதாகப் படும். நம் ஊரில் பங்குக்கு ஒன்றாக இருக்கும் சிமெண்டுக் கெபிகளோடு ஒப்பிட்டால் வேறு மாதிரி தெரியும்: இது சுற்றுவட்டாரத்து வயல்களிலிருந்து கொண்டுவந்த இயற்கைப் பாறைகளை, ஒவ்வொன்றும் டன் கணக்கில் எடையுள்ளவற்றை, அடுக்கிக் கட்டியது. மாதா சுரூபத்துக்கு நேர் கீழே வலப்புறம் தேடினால், லூர்தின் உண்மையான குகையிலிருந்து வந்த ஒரு சிறு கல் பதித்திருப்பதைக் காணலாம். பலர் தேடாமலே போய்விடுகிறார்கள். குளிக்கும் தொட்டி இங்கே இல்லை; லூர்து தண்ணீர் பிடித்துப் போகப் புட்டி கொண்டுவர வேண்டாம்.

நாள் முழுவதும், இரவிலும் திறந்த இடம். கல்வியாண்டு, விடுமுறை என்ற வேறுபாடில்லாமல் மாலை 6.45-க்கு செபமாலை சொல்வார்கள். ஆங்கிலத்தில்தான், இருபது நிமிடம். செபம் ஆங்கிலத்தில் தெரியாத பாட்டிகள் 'அருள்நிறைந்த மரியே' என்று தமிழில் தாழ்ந்த குரலில் கூடவே சொல்லலாம், தாளம் இடிக்காது. மெழுகுதிரி குகைக்குள் அடுக்கடுக்கான தாங்கிகளில் இருக்கும். ஒரு டாலர், ஐந்து டாலர் தாள்கள் கையில் வைத்திருங்கள், காணிக்கைப் பெட்டி பக்கத்திலேயே. காற்று ஏரிப் பக்கமிருந்து அடிப்பதால் முன்வரிசைத் திரிகள் அணைந்துகொண்டே இருக்கும். உட்பக்கத் தட்டில் ஏற்றினால் நிற்கும். ஒருவர் ஏற்றியதை எடுத்துவிட்டு நம்முடையதை வைக்கக் கூடாது. தட்டுகள் நிரம்பியிருந்தால் தரையிலோ பாறை இடுக்கிலோ வைக்க வேண்டாம். காரணம் இருக்கிறது: 1985 செப்டம்பரில் மெழுகுதிரிகள் மிகுந்து தீப்பிடித்து, வெப்பத்தில் பாறைகளே விரிசல் விட்டன. கனகாம்பரம், மல்லிகை மாலை சாத்த விரும்புகிறவர்களும் சுரூபத்தின் மேல் ஏற முயல வேண்டாம். பூவை முன்னால் வைத்துவிட்டு முழந்தாளிடும் கம்பியருகே செபிக்கலாம்.

கெபிக்கு இறங்கும் படிகளும் சரிவும் குளிர்காலத்தில் அபாயம். மிச்சிகன் ஏரியின் ஈரக்காற்று இந்தப் பகுதியில் கொட்டும் பனி அதிகம்; பெய்து, உருகி, மறுபடி உறைந்த பனி கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிப் படலமாகக் கிடக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணி இல்லாமல் பெரியவர்களை அழைத்து வராதீர்கள். சேலைக்கு உள்ளே கம்பளிக் காலுறை, மேலே நீண்ட கோட்டு. கோவிலுக்குள் நன்றாக வெப்பமூட்டியிருப்பார்கள், கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளலாம். தேர்வு வாரங்களில், டிசம்பர் நடுவிலும் மே தொடக்கத்திலும், இரவு எந்த நேரத்தில் போனாலும் கெபியில் மாணவர்கள் இருப்பார்கள். அப்போது சத்தமாகப் பேசுவதும் குழுப் படம் எடுப்பதும் வேண்டாம்.

இலையுதிர் காலச் சனிக்கிழமைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை பல்கலைக்கழக அணி சொந்த மைதானத்தில் ஆடும் அமெரிக்கக் கால்பந்து நாட்களில், 77,000 பேருக்கு மேல் கொள்ளும் அரங்கம் நிரம்பும். வண்டி நிறுத்த இடமும் கிடைக்காது, விடுதி அறைகளின் வாடகையும் எகிறும். கெபியில் மெழுகுதிரி வைக்க இடம் தேட வேண்டியிருக்கும். தனியாகச் செபிக்க வருகிறவர்கள் அணியின் அட்டவணையைப் பார்த்துவிட்டு அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்தக் கூட்டத்தையும் பார்க்க ஆசை என்றால், ஆட்டம் முடிந்து அரை மணி நேரத்தில் பசிலிக்காவில் திருப்பலி தொடங்கும். முக்கால் மணி நேரத்தில் வளாகத்தின் பொதுக் கூடமான ஸ்டெப்பன் மையத்தில் இன்னொன்று. அரங்கத்திலிருந்து நேரே வருகிறவர்கள் அணியின் சட்டையோடு, முகத்தில் பூசிய நிறத்தோடு வந்து உட்காருவார்கள். பசிலிக்கா வேகமாக நிறையும். கடைசி நிமிடம்வரை ஆட்டம் பார்த்தால் உட்கார இடம் கிடைப்பது கடினம். அப்படியானால் ஸ்டெப்பன் மையத்துக்கே நேராகப் போய்விடுங்கள்.

நேரமிருந்தால் ஏரிக்கரையில் மரக்கட்டைச் சிற்றாலயம். அமெரிக்காவில் குருப்பட்டம் பெற்ற முதல் குருவான ஸ்டீபன் பாடின் 1831-இல் கட்டியது தீக்கிரையானதால், 1906-இல் அதே மாதிரியில் திரும்பக் கட்டினார்கள். அவருடைய உடல் இங்கே அடக்கம். பல நேரங்களில் பூட்டியே இருக்கும்.

தமிழ்த் திருப்பலி இங்கே அட்டவணையில் இல்லை. வேளாங்கண்ணி மாதாவைத் தேடுகிறவர்கள் இன்னொரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் பக்கம் போக வேண்டும்: வாஷிங்டனில், அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தை ஒட்டியிருக்கும் தேசியத் திருத்தலப் பசிலிக்காவில் 1997 முதல் வேளாங்கண்ணி அன்னைக்கு ஒரு சிற்றாலயம் இருக்கிறது.

மகனோ மகளோ இங்கே இளநிலை படிக்கிறார்கள் என்றால், பசிலிக்காவைவிட முக்கியமான ஓர் இடத்துக்கு அவர்களே உங்களை அழைத்துப் போக வேண்டும். வளாகத்தில் மொத்தம் 50-க்கும் மேற்பட்ட சிற்றாலயங்கள். ஒவ்வொரு மாணவர் விடுதியிலும் ஒன்று, நற்கருணைப் பேழையோடு. ஞாயிறு இரவு 9 அல்லது 10 மணி வாக்கில் அங்கே திருப்பலி. ஐம்பது நூறு பேர், பியானோவோ கிதாரோ, வாசகம் படிப்பதும் பாடுவதும் அந்த விடுதிப் பிள்ளைகளே. பல விடுதிகளில் குரு அங்கேயே குடியிருப்பவர் என்பதால் மறையுரையில் அந்த வாரத்துத் தேர்வும் வீட்டு நினைப்பும் பேர் சொல்லாமல் வந்துபோகும். டில்லன் விடுதியில் வியாழன் இரவுத் திருப்பலிக்குப் பின் மில்க்‌ஷேக் கொடுக்கும் வழக்கம் பல்கலைக்கழகம் முழுக்கப் பிரசித்தம்.

விடுதிக் கதவுகள் மாணவர் அட்டைக்கு மட்டுமே திறக்கும், வெளியாள் தனியாக நுழைய முடியாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி விடுதிகள் என்றாலும், மாணவர் அழைத்து வந்தால் பெற்றோர் இருவருமே திருப்பலிக்குப் போகலாம். இருக்கைகள் குறைவு, தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் போனால் போதும். பட்டுச்சேலை, கோட்டு சூட்டு எல்லாம் இங்கே தேவையில்லை. பிள்ளைகள் வீட்டுச் செருப்போடும் பைஜாமாவோடும் இறங்கி வருவார்கள், அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அமைதி வாழ்த்துப் பரிமாறும் நேரம் நீளும், ஒருவர் விடாமல் வந்து கை கொடுப்பார்கள் அல்லது கட்டிக்கொள்வார்கள். முடிந்ததும் கூடத்தில் ஏதாவது தின்பண்டம் இருக்கும். கொஞ்ச நேரம் நின்று பேசினால் பிள்ளையின் நண்பர்களையும் குருவையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் கோடையிலும் விடுதிகள் காலியாக இருப்பதால் இந்தத் திருப்பலிகள் நடக்காது.